ஆர்லென்பாக் அணைக்கு ஒரு பில்

ஜெர்மன் அரசாங்கத்துக்கு ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் ஒரே ஒரு வழிதான் மிச்சமிருந்தது. பில் அனுப்ப வேண்டும்.

கடிதம் போடக்கூடாது என்று எவரும் சொல்லவில்லை. தாராளமாகப் போடலாம். தொலைபேசியும் எடுக்கலாம். தேன் ஒழுகும் குரலில் ஓர் இயந்திரம் நன்றி சொல்லும், அதோடு கதை முடிந்தது. கடைசி மனித அதிகாரி பூங்கொத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. நாட்டின் கந்தோர்கள், அலுவலகங்கள் அத்தனையும் ஒரே இயந்திர மூளைக்குள் அடங்கிவிட்டன. சட்டப் புத்தகத்தில் அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. சனங்கள் அதை ‘வாசல்’ என்றுதான் சொன்னார்கள்.

அந்த வாசல், காசு கேட்டு வரும் பில்லை மட்டும் ஒரு புள்ளி விடாமல் வாசிக்கும். வாசித்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. ஆனால் அந்தப் பில்லும் லேசில் உள்ளே போகாது. எந்தக் கந்தோருக்கு என்று சொல்லும் வழிகாட்டு எண் வேண்டும், கட்டளை எண் வேண்டும், அளவு எந்த அலகில் என்று குறியீடு வேண்டும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முகத்தில் அடித்த மாதிரித் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் நிரோஜினி மாதிரி ஆட்களுக்குச் சோறு கிடைத்தது.

நிரோஜினிக்கு நாற்பத்தெட்டு வயது. ஆர்லென்பாக் பள்ளத்தாக்கில், பேக்கரிக்கு மேல் மாடியில், ஒற்றை அறையில் அவளுடைய கந்தோர். அரசாங்கத்துக்கு வேலை செய்யும் இருபத்து மூன்று சின்னக் கம்பெனிகள் தங்கள் விபரங்களை அவளுக்கு அனுப்பும். அவள் அவற்றை வாசலுக்குப் பிடித்த வடிவில் எழுதி, பதிவுபெற்ற அனுப்புநர் என்ற தன் முத்திரையோடு உள்ளே தள்ளிவிடுவாள். பத்தொன்பது வருஷத்தில் பதினாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பில்கள். அதில் ஒன்றுகூடத் திரும்பி வந்தது கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய அக்காவின் புருஷன் பரஞ்சோதி படியேறி வந்தார். மழை தொடங்கி எட்டாவது நாள். தலை முதல் கால்வரை நனைந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். அப்படி வருகிற மனுஷன் இல்லை அவர்.

“என்ன அத்தான், இந்தக் கோலத்தில? இருங்கோ, துவாய் தாறன்.”

“துவாயை விடு பிள்ளை. அணை வெடிக்குது.”

பரஞ்சோதி துப்புரவுக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் அவரும் ஒரு வாளியும்தான். பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் பெரிய அணையின் வயிற்றுக்குள் ஆய்வுக்காக ஒரு சுரங்க நடைபாதை ஓடுகிறது. அதைக் கூட்டிக் கழுவுவது அவருடைய வேலை. அந்த ஈரச் சுவரைத் தினமும் தொடுகிற மனுஷ உயிர் அவர் ஒருவர்தான்.

“வெள்ளிக்கிழமை ஒரு மயிரிழை மாதிரி இருந்தது. ஒரு மில்லிமீட்டர். பென்சிலால கோடு போட்டிட்டு வந்தனான். இண்டைக்கு மூண்டு மில்லிமீட்டர், நாலு மீட்டர் நீளம். தண்ணி கசியேல்லை பிள்ளை, பீச்சி அடிக்குது.”

“வாசலுக்குச் சொன்னியளே?”

“மூண்டு தரம் எடுத்தனான். நீயே எடுத்துக் கேள்.”

நிரோஜினி அவசர எண்ணை அழுத்தினாள். தேன் குரல் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டது. பிறகு சொன்னது: “ஆர்லென்பாக் அணையின் ஆய்வுப் பதிவு செல்லுபடியாக உள்ளது. உள் நடைபாதை பன்னிரண்டு நாட்களுக்கு முன் பார்வையிடப்பட்டது. குறை எதுவும் இல்லை. உங்கள் அக்கறைக்கு நன்றி.”

“பன்னிரண்டு நாளைக்கு முன்னம் ஆர் வந்தது?” என்று கத்தினார் பரஞ்சோதி. “ஒம்பது வருஷமா நான் அங்கை நிக்கிறன். ஒரு குருவிகூட வந்து பாக்கேல்லை!”

குரல் ஓர் ஆவண எண்ணை ஆதாரமாகச் சொல்லிவிட்டுத் தொடர்பை வைத்துவிட்டது. அந்த எண்ணை நிரோஜினி சட்டென்று எழுதிக்கொண்டாள். முன்னால் வந்த நாலு எழுத்தும் அவளுடைய அனுப்புநர் முத்திரை. தேடி எடுத்தாள். வெளியூர் ஆய்வுக் கம்பெனி ஒன்று அவளுடைய வாடிக்கையாளர். மாதம் தவறாமல் ஒரு வரி அனுப்பும்: ‘உள் நடைபாதை, கண்ணால் பார்வையிடல், ஒரு தடவை, குறை இல்லை.’ அவள் அதை எடுத்து, வழிகாட்டு எண் போட்டு, அலகு போட்டு, அழகு பார்த்து அனுப்புவாள். ஒன்பது வருஷம், நூற்றெட்டு பில்கள். எல்லாம் ஒரு பிழையும் இல்லாத பில்கள்.

“அத்தான்,” என்றாள். “சுவர் நல்லாயிருக்கு எண்டு வாசலுக்குச் சொன்னது நான்தான்.”

பரஞ்சோதிக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. விளங்கியபின் அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஜன்னலுக்குப் போய்க் கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆறாயிரம் சனம் அந்தப் பள்ளத்தாக்கில். கீழ்த்தெருவில் நாலாம் நம்பர் வீட்டில் அவருடைய மனைவி இன்பராணி.

நிரோஜினி அக்காவுக்கு அழைப்பு எடுத்தாள். “அக்கா, இப்பவே வெளிக்கிட்டு மேல மலைக்குப் போ. அணையில வெடிப்பு.”

“உன்ரை அத்தானும் விடியத் தொடக்கம் இதைத்தான் சொல்லுறார். வாசல் ஒண்டும் சொல்லேல்லையே?”

“வாசலுக்குத் தெரியாது அக்கா.”

“வாசலுக்குத் தெரியாதது உங்கள் ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிட்டுதாக்கும்! விசர்க் கதையை விட்டிட்டுச் சாப்பிட வரச் சொல்லு மனுஷனை.” தொலைபேசி வைக்கப்பட்டது.

கூடப்பிறந்தவளே இப்படியென்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல? தெருவில் நின்று கத்தலாம் என்றார் பரஞ்சோதி. கத்தினால் பத்துப் பேர் ஜன்னலைத் திறப்பார்கள், வாசலிடம் கேட்பார்கள், ஜன்னலை மூடுவார்கள். பொய் சொல்லாத ஒன்று கையில் இருக்கும்போது நனைந்துபோன துப்புரவுக்காரன் பேச்சை எவன் கேட்பான்?

“அப்ப என்னதான் செய்யிறது? வாசல் எதைத்தான் நேரில வந்து பாக்கும்?”

அந்தக் கேள்விதான் நிரோஜினியை நிமிர வைத்தது.

“காசு குடுக்க முதல் பாக்கும்,” என்றாள் மெதுவாக. “பெரிய காசெண்டா, சாமான் வந்ததோ, வேலை நடந்ததோ எண்டு தன்ரை கண்ணால பாக்காமல் ஒரு சதம் குடுக்காது. நூறு யூரோ பில்லெண்டா கடுதாசியோட நம்பிப்போடும். அதாலதான் அந்த ஆய்வு பில்லெல்லாம் போனது. மில்லியன் கணக்கில கேட்டா தன்ரை கருவியளை அனுப்பும்.”

“சரி, கேளன்.”

“முப்பது நாள் தவணை இருக்கு அத்தான். முப்பதாம் நாள் வந்து பாக்கும்.”

பரஞ்சோதி கதிரையில் பொத்தென்று இருந்தார். மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. நிரோஜினி அறைக்குள் இரண்டு தரம் நடந்தாள். திடீரென்று நின்றாள்.

“ஸ்கொண்டோ!”

ஜெர்மன்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. பில்லைத் தவணைக்கு முன்னமே கட்டினால் நூற்றுக்கு இரண்டு வீதமோ மூன்று வீதமோ விலையில் கழிவு. அதன் பெயர்தான் ஸ்கொண்டோ. கோடீஸ்வரனானாலும் அந்தக் கழிவை விடமாட்டான், விட்டால் அன்றிரவு நித்திரை வராது. வாசலைக் கட்டியவர்களும் அந்த வழியில் வந்தவர்கள்தானே? ஸ்கொண்டோ ஒன்றைத் தவறவிடுவது மக்கள் பணத்தை வீணாக்கும் குற்றம் என்று சட்டமே எழுதி உள்ளே வைத்துவிட்டார்கள். பில்லில் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கிறது: எத்தனை நாள், எத்தனை வீதம்.

“பில்லைப் பெரிசாப் போடுறன். இண்டைக்கே கட்டினா முழுக்கக் கழிவு எண்டு போடுறன். அந்தக் கழிவை விட வாசலால ஏலாது. கழிவை எடுக்கோணுமெண்டா இண்டைக்கே வந்து பாக்கோணும்.”

“பிழையான பில் எண்டு பிடிச்சா?”

“அனுப்புநர் பதிவு போகும். பிறகு ஆயுளுக்கும் ஒரு பில் அனுப்ப ஏலாது.”

இருபத்து மூன்று வாடிக்கையாளர், கந்தோர் வாடகை, பத்தொன்பது வருஷத்துப் பேர். அவள் அதை ஒரு கணம் நினைத்தாள். பிறகு கணினி முன் இருந்தாள்.

முதலில் பரஞ்சோதியின் துப்புரவு ஒப்பந்தத்தைத் திறந்தாள். ஏழாம் பந்தி: ‘குறைகள் கண்டால் அறிவித்தலும் இவ்வேலையில் அடங்கும்.’ அப்பாடா! அப்படியென்றால் இது கட்டளையிடப்பட்ட வேலைதான், கட்டளை எண்ணும் இருக்கிறது. வழிகாட்டு எண்ணைப் பார்க்கத் தேவையில்லை, நூற்றெட்டுத் தரம் அடித்த விரல் தானாகவே அடித்தது. வரி ஒன்று: வெடிப்பு கண்டு அறிவித்தல், அளவு மூன்று, அலகு மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்குப் பதினாலு மில்லியன் யூரோ. மொத்தம் நாற்பத்திரண்டு மில்லியன், அதற்கு மேல் அரசாங்க வரி வேறு.

“கடவுளே,” என்றார் பரஞ்சோதி. “வாளி தூக்கிற எனக்கு நாப்பத்திரண்டு மில்லியனோ?”

“பகல் கனவு காணாதேங்கோ. ஸ்கொண்டோ நூறு வீதம், நாள் ஒண்டு.”

“நாளைக்கு மட்டும் சுவர் நிக்காது பிள்ளை. நான் அதில கை வைச்சுப் பாத்தனான்.”

அவள் ஒன்றை அழித்துப் பூச்சியம் போட்டாள். அப்படி ஒருத்தரும் போட்டதில்லை. போடக்கூடாது என்றும் எங்கேயும் எழுதவில்லை. அனுப்பினாள்.

பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுடைய பில் திரும்பி வந்தது. ‘கழிவு நூறு வீதமாக இருக்க முடியாது.’ தொண்ணூற்றொன்பது தசம் ஒன்பது ஒன்பது என்று மாற்றினாள். மீண்டும் அனுப்பினாள். மீண்டும் வந்தது: ‘வேலை நடந்த இடத்தின் தபால் எண் இல்லை.’ அணையின் வயிற்றுக்கு ஏது தபால் எண்? அணைக் காவலரின் பழைய வீட்டுத் தபால் எண்ணைத் தேடிப் போட்டாள். மணி பதினொன்று பத்து. மூன்றாம் முறை பச்சை விளக்கு எரிந்தது. ‘வடிவம் சரி. பெறப்பட்டது.’ கீழே இன்னொரு வரி மெல்ல வந்து சேர்ந்தது: ‘கழிவுத் தவணை இன்று 16.00 மணி. நேரடிச் சரிபார்ப்பு தொடங்குகிறது.’

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதலில் சத்தம்தான் வந்தது. கோவில் மணி அடித்து ஓய்ந்தபின் காதில் நிற்குமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல். நிரோஜினி ஜன்னலைத் திறந்தாள். மலைக்குப் பின்னால், அரசாங்கக் கொட்டகைகள் இருக்கும் பக்கமிருந்து, அவை எழும்பி வந்தன. கைப்பிடி அளவு பறக்கும் கருவிகள். முதலில் நூறு, பிறகு எண்ண முடியவில்லை. மழைக்குள் ஒரு கூரை போட்ட மாதிரி அவை பள்ளத்தாக்கை மூடிக்கொண்டு அணையை நோக்கிப் போயின. ஒன்றுடன் ஒன்று முட்டவில்லை, ஒன்றும் பிந்தவில்லை. சுரங்கத்தின் வாய் வழியாக ஒரு வரிசை உள்ளே புகுந்தது. மற்றவை அணைச் சுவர் முழுவதும் அப்பிக்கொண்டன. நூற்றிருபது மீட்டர் உயரச் சுவர் அடி முதல் முடி வரை வெளிச்சமாகியது.

“அம்மாடி!” என்றாள் நிரோஜினி. இத்தனை கண்ணும் இவ்வளவு காலமும் அந்தக் கொட்டகைக்குள்ளேயே கிடந்ததா? ஒரு கடுதாசிக்காகக் காத்துக்கொண்டா கிடந்தது?

ஆறு நிமிஷம் சென்றிருக்கும். பள்ளத்தாக்கின் அத்தனை சைரனும் ஒன்றாகக் கிளம்பின. அணையின் மதகுகள் ஏழும் திறக்கும் உறுமல் தரை வழியாகக் காலுக்கு வந்தது. தெருமுனையில் சாரதி இல்லாத பஸ்கள் வரிசையாகத் திரும்பின. எந்த வீட்டில் எத்தனை பேர், எவருக்கு நடக்க ஏலாது, எவருக்கு எந்த மருந்து, எல்லாம் வாசலுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் ஒரு பஸ் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. பிறந்து நாலு நாளான குழந்தையையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

நாலாம் நம்பர் வீட்டிலிருந்து இன்பராணி சோற்றுப் பானையை அணைத்துக்கொண்டு ஓடி வந்து ஏறினாள். “வாசல் சொல்லிப்போட்டுது!” என்று மேலே ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள், தங்கச்சிக்குத் தெரியாத புதினம் சொல்லுகிற மாதிரி. நிரோஜினி தலையில் அடித்துக்கொண்டே படியிறங்கி ஓடினாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

மூன்றேகாலுக்குள் பள்ளத்தாக்கில் ஒரு மனுஷர் இல்லை. ஆறாயிரம் பேரும் மலையில் பழைய பனிச்சறுக்கு மைதானத்தில் நின்றார்கள். மதகுகள் வழியாக ஏரி வடிந்துகொண்டே இருந்தது. பாதிக்கு மேல் வடிந்துவிட்டது என்று பஸ்கள் அறிவித்தன. நாலு மணிக்கு நிரோஜினியின் தொலைபேசி ஒலித்தது: ‘கழிவுடன் செலுத்தப்பட்டது.’ நாலேகாலுக்குச் சுவர் திறந்தது.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. ஒரு துண்டு, வீடு உயரத் துண்டு, மெதுவாக முன்னால் சாய்ந்தது. அவ்வளவுதான். பிறகு மிச்ச ஏரி வெளியே வந்தது. கீழ்த்தெருவின் வீடுகளை அது எடுத்துக்கொண்டு போனதை எல்லாரும் பார்த்தார்கள். பேக்கரி போனது, பேக்கரிக்கு மேலிருந்த ஒற்றை அறை போனது. ஓர் உயிர் போகவில்லை. பரஞ்சோதி இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு நின்றார். யாரைக் கும்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் தொலைபேசி மறுபடி ஒலித்தது. ‘வரி ஒன்றில் அளவு பிழை. பில்லில் மூன்று மில்லிமீட்டர். நேரில் கண்டது அறுபத்தொன்று. முப்பது நாளுக்குள் திருத்திய பில் அனுப்பவும்.’

நிரோஜினி வாய்விட்டுச் சிரித்தாள். “பாருங்கோ அத்தான், குறைச்சுப் போட்டிட்டம் எண்டு குறை சொல்லுது!”

சிரிப்பு முடியவில்லை, அடுத்தது வந்தது. அதை வாசித்ததும் அவள் முகம் மாறியது. பத்தொன்பது வருஷத்தில் வாசல் அவளிடம் பிழை சொல்லியிருக்கிறது, கட்டளை சொல்லியிருக்கிறது, நன்றிகூடச் சொல்லியிருக்கிறது. ஒரு தரமாவது கேள்வி கேட்டதில்லை. இது கேள்வி.

‘உங்கள் முத்திரையோடு வந்த ஒரு பில் சுவரில் வெடிப்பு என்கிறது. அதே முத்திரையோடு வந்த நூற்றெட்டு பில்கள் குறையில்லை என்கின்றன. வடிவத்தில் எல்லாம் சரி. நீங்கள் அனுப்பிய 14,215 பில்களில், நீங்கள் நேரில் பார்த்த வேலைகள் எத்தனை?’

திரும்பி வந்த இரண்டையும்கூட அது சேர்த்து எண்ணியிருந்தது.

பரஞ்சோதி தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார். “எல்லாம் எண்டு போடு. ஆர் வந்து கேக்கப் போகினம்? உண்மையைச் சொன்னியெண்டா உன்ரை பதிவை எடுத்துப்போடும்.”

“தெரியும் அத்தான்.”

“கந்தோரும் போட்டுது. இதும் போனா நீ என்ன செய்வாய்?”

“அத்தான், இண்டைக்குப் போட்ட பில்லுக்குக்கூட நான் அந்தச் சுவரைப் பாக்கேல்லை. நீங்கள் பாத்தது. என்ரை வாழ்க்கையில வடிவா எழுதினது மட்டும்தான் நான் செய்த வேலை.”

அவர் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அடித்து முடித்துவிட்டாள். ஒரே ஒரு பூச்சியம்.

பதில் வர வாசல் ஒரு நிமிஷம் முழுதாக எடுத்துக்கொண்டது. வாசலுக்கு ஒரு நிமிஷம் என்றால் நமக்கு ஒரு தலைமுறை. பிறகு மூன்று வரிகள் வந்தன. ‘பெறப்பட்டது. உங்கள் அனுப்புநர் பதிவு இத்துடன் முடிகிறது. இதே கேள்வி நாட்டின் எல்லா அனுப்புநர்களிடமும் கேட்கப்பட்டிருக்கிறது.’

உடைந்த சுவரிலிருந்து கருவிகள் எழும்பின. கொட்டகைக்குத்தான் திரும்பப் போகின்றன என்று எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு முறை வட்டமிட்டுவிட்டு எட்டுத் திக்கும் பிரிந்தன. ஒரு கூட்டம் நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே நுழைந்தது. ஒன்று பள்ளிக்கூடக் கூரையில் இறங்கியது. ஒன்று ஆஸ்பத்திரிப் பக்கம் போனது. தூரத்தில், அடுத்த மலைக்கு அப்பால், அதற்கும் அப்பால், கண்ணுக்கெட்டியமட்டும் புதிய கூட்டங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மழை விட்ட வானம் முழுவதும் வெளிச்சப் புள்ளிகள். ஒரு நாடு முழுக்க முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து தன்னைத்தானே பார்க்கத் தொடங்கியிருந்தது. நிரோஜினிக்கு உடம்பு புல்லரித்தது. பயமா சந்தோஷமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஒரு சின்னக் கருவி மைதானத்துக்குள்ளேயே இறங்கி வந்தது. இன்பராணி உட்கார்ந்திருந்த அரசாங்க மர வாங்கின் முன்னால், முழங்கால் உயரத்தில் நின்றது. வாங்கின் காலில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டுப் பார்த்தது.

இன்பராணி சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு எழும்பி ஒதுங்கி நின்றாள்.

“மறைக்காதேங்கோ,” என்றாள் சுற்றி நின்றவர்களிடம். “வடிவாப் பாக்கட்டும்.”